பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர்: எந்த விசா, எந்த உண்மை?

வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத தெருவை இன்று நம் பங்குகளில் காண்பது அரிது. முன்பு வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற தலைமுறை பணம் அனுப்பியது. ஈராண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் ஊருக்கு வந்தது. இன்றைய தலைமுறையோ அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, ஜெர்மனி என்று குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே பயணத்தின் திசையும் மாறிவிட்டது. பிள்ளைகள் வருவது குறைந்து, பெற்றோர் செல்வது கூடிவிட்டது. மகளின் பேறுகாலம், பேரக்குழந்தையின் திருமுழுக்கு, மகன் கட்டிய புதுவீடு என்று ஏதோ ஒரு காரணத்திற்காக, அறுபது வயதைக் கடந்தவர்கள் முதன்முறையாக விமானம் ஏறுகிறார்கள்.

இந்தப் பயணத்திற்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. எந்த விசாவில் செல்வது? பலரும் இதை ஏஜென்டிடமோ, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையிடமோ விட்டுவிடுகிறார்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் படிவத்தில் இருப்பது நம் பெயர். தூதரகத்திலும் விமான நிலையத்திலும் கேள்விக்குப் பதில் சொல்லப்போவது நாம். தவறு நேர்ந்தால் அடுத்த பேரக்குழந்தையைக் காண முடியாமல் போகப்போவதும் நாமே. எனவே இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

விசா எதைக் கேட்கிறது?

எந்த நாட்டின் விசாப் படிவமானாலும் அடிப்படையில் மூன்று கேள்விகளே உள்ளன. எதற்காக வருகிறீர்கள்? எத்தனை நாள் இருப்பீர்கள்? எப்போது திரும்பிச் செல்வீர்கள்? இந்த மூன்றுக்கும் நம்முடைய உண்மையான பதில் எந்த விசாவோடு பொருந்துகிறதோ, அதுவே நமக்குச் சரியான விசா. எளிதில் கிடைப்பது, செலவு குறைந்தது, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியது என்பவையெல்லாம் அதற்குப் பின்னால் வரவேண்டியவை.

மற்றொன்றையும் நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். விசாவின் காலம் வேறு. தங்கும் காலம் வேறு. அமெரிக்காவின் பி-2 எனப்படும் பார்வையாளர் விசா இந்தியருக்குப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. இதனால் 10 ஆண்டு அங்கே இருக்கலாம் என்று பொருளல்ல. ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரியே தங்கும் நாளைக் குறிக்கிறார். வழக்கமாக அது ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்னும் பதிவில் இருக்கும். இணையத்தில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தும் 2, 5, 10 ஆண்டுப் பார்வையாளர் விசாக்களைத் தருகிறது. ஆனால் ஒருமுறை சென்றால் ஆறு மாதத்திற்கு மேல் தங்க முடியாது. அடிக்கடி போய் வந்து அங்கேயே குடியிருப்பதுபோல் வாழ்வதையும் அந்நாடு ஏற்பதில்லை.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

கனடாவை எடுத்துக்கொள்வோம். சாதாரணப் பார்வையாளர் விசாவில் சென்றால் வழக்கமாக ஆறு மாதம் தங்கலாம். 2011 இறுதியில் 'சூப்பர் விசா' என்ற ஒன்றை அந்நாடு கொண்டுவந்தது. இது பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் மட்டுமே உரியது. 2022 ஜூலை 4 முதல் இந்த விசாவில் ஒருமுறை நுழைந்தால் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். இதற்கு நிபந்தனைகள் உண்டு. அழைக்கும் பிள்ளை கனடாவின் குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு வருமானம் இருப்பதைக் காட்ட வேண்டும். பெற்றோர் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பிள்ளை இன்னும் மாணவராகவோ தற்காலிகப் பணியாளராகவோ இருந்தால் இந்த விசாவுக்கு வழியில்லை. சாதாரண விசாவே பொருந்தும். அதுபோல, இரண்டு மாதம் மட்டும் தங்கி வரப்போகிற பெற்றோருக்கு இவ்வளவு செலவும் தேவையில்லை.

ஆஸ்திரேலியாவுக்கு 600 என்னும் எண்கொண்ட பார்வையாளர் விசா உள்ளது. அதிலேயே, சாதாரணச் சுற்றுலாப் பிரிவு ஒன்று, அங்குள்ள உறவினர் பொறுப்பேற்கும் பிரிவு ஒன்று. இரண்டாம் பிரிவில் பொறுப்பேற்பவர் பிணைத்தொகை கட்ட நேரிடலாம். 'இனி மேலும் தங்க அனுமதியில்லை' என்ற நிபந்தனையும் அதில் வரும். இதை அறியாமல் சென்று, அங்கே போனபின் காலத்தை நீட்டிக்க முயன்று ஏமாறுவோர் உண்டு. 2019 முதல் பெற்றோருக்கென்றே 870 என்னும் தற்காலிக விசாவும் உள்ளது. 3 அல்லது 5 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். ஆனால் கட்டணம் மிக அதிகம். நியூசிலாந்தும் 2025 செப்டம்பர் 29 முதல், ஐந்து ஆண்டு வரை தங்கும் பெற்றோர் விசாவைத் தொடங்கியுள்ளது.

ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி உள்ளிட்ட 29 ஐரோப்பிய நாடுகளுக்குச் செங்கன் விசா ஒன்றே. இங்கே கணக்கு நாள்களில்தான்: எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்களுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆறு மாதம் மகள் வீட்டில் இருக்கலாம் என்று நினைத்துச் செல்பவர் இங்கே தடுமாறுகிறார். 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடும் கட்டாயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் இருக்கும் மகனைப் பார்க்க, விசா எளிதில் கிடைக்கும் என்று வேறொரு நாட்டின் பெயரில் விண்ணப்பிப்பது பொய்யான விண்ணப்பமே. 2025 அக்டோபர் 12 முதல் விரல்ரேகையையும் முகப்படத்தையும் கணினியில் பதிவுசெய்யும் புதிய முறை இந்நாடுகளில் படிப்படியாக நடைமுறைக்கு வரத் தொடங்கியது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் இனிக் கணினி கண்டுகொள்ளும்.

ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு விதி என்பதையும் மறக்கக்கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பாட்டிக்கு இங்கிலாந்து செல்ல முழுமையான விசா வேண்டும். அமெரிக்காவிலோ கனடாவிலோ பிறந்து அந்நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பேரனுக்கு, 2025 ஜனவரி 8 முதல், இணையத்தில் பெறும் 'இ.டி.ஏ.' என்ற முன் அனுமதி போதும். பேரனுக்குப் பத்து நிமிடத்தில் முடிந்த வேலை பாட்டிக்கும் அப்படியே முடியும் என்று நினைத்து விமானச் சீட்டு எடுத்துவிட்டால் பணம் வீணாகும். வழியில் விமானம் மாறும் நாட்டுக்கு அனுமதி தேவையா என்பதையும் சீட்டு எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேலையா?

இதுதான் நம் பெற்றோரை அதிகம் குழப்பும் கேள்வி. பேறுகாலத்தில் தாய் மகளருகே இருப்பது நம் மரபு. எலிசபெத்தின் முதிர்ந்த வயதுப் பேறுகாலத்தில் மரியா மலைநாட்டுக்கு விரைந்து சென்று, ஏறக்குறைய மூன்று மாதம் உடனிருந்து, பிறகு தம் வீடு திரும்பியதை லூக்கா நற்செய்தியில் நாம் அறிவோம். உறவின் பொருட்டுச் செல்வது, உதவியாக இருப்பது, காலம் முடிந்ததும் திரும்புவது. பார்வையாளர் விசா என்பதும் இதற்காகவே.

பார்வையாளராகச் செல்பவர் வேலை செய்யக்கூடாது என்பது எல்லா நாடுகளிலும் பொதுவான விதி. பேரக்குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதும் மகளுக்குப் பத்தியச் சாப்பாடு சமைப்பதும் யாரும் வேலை என்று சொல்வதில்லை. குறுகிய காலம் வந்து குடும்பக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கூலிக்குக் குழந்தை பார்ப்பவராக அது ஆகிவிடக்கூடாது என்பது இங்கிலாந்தின் வழிகாட்டுதல். அமெரிக்காவிலும், உறவினரைக் காண வருவதே நோக்கமா, குழந்தை காப்பாளராக வருவதே நோக்கமா என்றுதான் அதிகாரி பார்க்கிறார்.

ஆகவே விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும்போது, "மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், குழந்தையைப் பார்க்க ஆளில்லை, அந்த வேலைக்காக வந்தேன்" என்று நம் ஊர்ப் பேச்சு வழக்கில் சொல்லும் ஒரு தாய், தன்னையறியாமல் தன்னை வேலையாள் ஆக்கிவிடுகிறார். "மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. நான்கு மாதம் அவர்களோடு இருந்துவிட்டு ஊருக்குத் திரும்புவேன்" என்பது எளிமையான பதில். ஆனால் அது உண்மையாகவும் இருக்க வேண்டும். அதிகாரிக்குச் சொல்ல ஒரு பதிலும் வீட்டில் நடக்க வேறொரு வாழ்க்கையும் என்றால், சொற்களைத் திருத்திப் பயனில்லை.

இங்கே பிள்ளைகளிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் அம்மா, அடுத்த ஆறு மாதம் மாமியார் என்று முறை வைத்து அழைப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. குழந்தைக் காப்பகத்திற்குக் கொடுக்க வேண்டிய பணம் மிச்சமாகிறது. பனியில் வெளியே இறங்க முடியாமல், மொழி தெரியாமல், பேசத் துணையில்லாமல், நாளெல்லாம் நான்கு சுவருக்குள் குழந்தையோடு இருக்கும் அந்தத் தாயை நாம் விருந்தாளியாகத்தான் அழைத்தோமா? அப்பாவை ஊரில் தனியே விட்டுவிட்டு அம்மாவை மட்டும் அழைக்கும் குடும்பங்களும் உண்டு. இது சட்டம் மட்டும் சார்ந்த கேள்வியல்ல.

காப்பீடும் அப்படியே. அமெரிக்கா பார்வையாளரிடம் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. எனவே சிலர் அதை எடுக்காமலேயே பெற்றோரை அழைத்துவிடுகிறார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள எழுபது வயதுத் தந்தைக்கு அங்கே நெஞ்சுவலி வந்தால், மருத்துவமனைச் செலவு ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டுபோய்விடும். காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்று படித்துப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை.

கிரீன் கார்டு பார்வையாளர் அட்டையல்ல

அமெரிக்கக் குடிமகனான பிள்ளை 21 வயது நிறைந்தபின் பெற்றோருக்கு நிரந்தரக் குடியிருப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். இதில் ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லை. "ஒவ்வொரு முறையும் ஆறு மாதக் கணக்குப் பார்ப்பதைவிட கிரீன் கார்டு வாங்கிவிட்டால் நினைத்தபோது போய் வரலாம்" என்று எண்ணிப் பலர் இதைச் செய்கிறார்கள். இங்கேதான் தவறு நிகழ்கிறது. கிரீன் கார்டு என்பது அங்கே வாழ்பவருக்கு உரியது. ஊரில் வீடும் வயலும் பங்கும் என்று இங்கேயே வாழ்ந்துகொண்டு, ஆண்டுக்கொருமுறை தலைகாட்டி வருபவரிடம் அதிகாரிகள் கேள்வி எழுப்புவார்கள். ஆறு மாதத்திற்கு மேல் வெளியே இருந்தாலே கேள்வி வரும். மறுநுழைவு அனுமதி பெறாமல் ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் அந்த உரிமையே பறிபோகலாம். மறுநுழைவு அனுமதியை அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்கே.

எனவே, மீதி வாழ்நாளை எங்கே கழிக்கப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகே அந்த விண்ணப்பத்தில் கை வைக்க வேண்டும். கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு அது. ஊரில்தான் இருக்கப்போகிறோம் என்றால் பார்வையாளர் விசாவே நேர்மையானது, போதுமானது.

பொய்யின் விலை

"இரண்டு மாதம் என்று போடுங்கள், அங்கே போனபின் பார்த்துக்கொள்ளலாம்." "சொத்து இல்லாவிட்டால் என்ன, பேப்பர் தயார் செய்துவிடலாம்." "முன்பு ஒருமுறை மறுக்கப்பட்டதைச் சொல்ல வேண்டாம்." இப்படிச் சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். விசா மறுக்கப்படுவதால் பெரிய கெடுதி இல்லை. காரணத்தைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். பொய் பிடிபட்டால் நிலைமை வேறு. கனடா ஐந்து ஆண்டு தடை விதிக்கிறது. ஆஸ்திரேலியா மூன்று ஆண்டு. இங்கிலாந்து பத்து ஆண்டு. அமெரிக்காவிலோ, முக்கியமான ஒன்றில் பொய் சொன்னால், விலக்கு பெற்றாலன்றி, வாழ்நாள் முழுவதும் தடை. விசா காலத்தைத் தாண்டி 180 நாளுக்கு மேல் அமெரிக்காவில் தங்கி வெளியேறியவருக்கு மூன்று ஆண்டும், ஓராண்டு தாண்டித் தங்கியவருக்குப் பத்து ஆண்டும் மறுநுழைவு இல்லை.

பத்து ஆண்டு என்பது எழுபது வயதானவருக்கு எவ்வளவு காலம் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அது ஆயுளின் மிச்சம்.

2025 செப்டம்பர் முதல், 79 வயதைக் கடந்தவரும் பொதுவாக அமெரிக்க விசாவுக்கு நேர்காணலுக்குச் செல்ல வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. எனவே படிவத்தில் எழுதியது என்னவென்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிலையும் கேட்டபின் ஒப்புதல் கொடுங்கள்.

வளைகுடாவில் விசிட் விசா

கணவரையோ மகனையோ காண வளைகுடா செல்பவர்களுக்கும் இதே நிலைதான். ஐக்கிய அரபு அமீரகத்தில் விசா முடிந்து தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்காம் அபராதம். 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை அந்நாடு பொதுமன்னிப்பு அறிவித்து, காலம் கடந்து தங்கியவர்களை அபராதமின்றி வெளியேறவோ முறைப்படுத்திக்கொள்ளவோ அனுமதித்தது. அத்தகைய மன்னிப்பை நம்பித் திட்டமிட முடியாது.

அதைவிடக் கொடியது, உறவினரைப் பார்ப்பதாக விசிட் விசாவில் அனுப்பி வேலைக்கு அமர்த்துவது. வீட்டுவேலைக்கென்று இப்படிச் செல்லும் நம் சகோதரிகளுக்குச் சம்பளம் வராவிட்டாலும், அடி விழுந்தாலும், சட்டத்தின் முன் அவர்கள் வேலையாட்களே அல்லர். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு அவர்களைக் காப்பதற்கே. விசிட் விசா அந்தப் பாதுகாப்பைத் தட்டிப் பறித்துவிடுகிறது. ஐயம் இருந்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தையோ தமிழக அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்தையோ கேட்டுத் தெளிவு பெறலாம்.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

உறவைக் காட்டினால்தான் விசா. உறவைக் காட்டுவது பெயர். நம் மக்களிடம் பெயர்ச் சிக்கல் மிகுதி. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர். பள்ளியில் வேறு பெயர். ஆதாரில் முன்னெழுத்தோடு ஒன்று. கடவுச்சீட்டில் அந்த முன்னெழுத்தை விரித்து மற்றொன்று. மகளின் பிறப்புச் சான்றிதழில் உள்ள தாயின் பெயரும் தாயின் கடவுச்சீட்டுப் பெயரும் ஒத்துப்போகாதபோது, இவர்தான் தாய் என்பதையே மெய்ப்பிக்க வேண்டியதாகிறது. இந்தத் திருத்தங்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். பேறுகாலத்திற்கு ஒரு மாதம் இருக்கும்போது தொடங்கினால் முடியாது.

பங்கு அலுவலகம் இதில் திருமுழுக்கு, திருமணச் சான்றிதழ்களைத் தர முடியும். பிறப்பைப் பதிவு செய்யாத பழைய தலைமுறைக்கு அவை துணைச் சான்றாகப் பயன்படுகின்றன. ஆனால் பதிவேட்டில் உள்ளதை மட்டுமே எழுதித் தர முடியும். தேதியை மாற்று, பெயரைச் சேர் என்று கேட்பது பங்குத்தந்தையையும் பொய்ச்சாட்சி ஆக்குவதாகும்.

அவர்கள் வரும்போது

கடைசியாக, எதிர்த்திசைப் பயணத்தையும் எண்ணிப் பார்ப்போம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுப் பெற்ற மகன் இந்தியாவுக்கு வர விசா வேண்டும். அங்கே பிறந்து அந்நாட்டுக் கடவுச்சீட்டு உள்ள பச்சைக்குழந்தைக்கும் வேண்டும். பெற்றோர் இருவரும் இந்தியர் என்பது போதாது. இ-விசாவில் சில வாரம் வந்து போகலாம். அடிக்கடி வருபவருக்கு, 2005 இல் தொடங்கப்பட்ட ஓ.சி.ஐ. அட்டையே சரி, வாழ்நாள் முழுவதும் விசாவின்றி வரலாம். பழைய பி.ஐ.ஓ. அட்டை 2015 ஜனவரி 9 அன்றே இத்திட்டத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

இந்த அட்டையை வாங்குவதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு ஒருநாள் நள்ளிரவில் தந்தை இறந்த செய்தி போகிறது. மகன் தூதரகத்தின் அவசர விசாவுக்காக அலைகிறான். வார இறுதியாக இருந்தால் இன்னும் தாமதம். இங்கே உடலைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருக்கிறார்கள். சில வேளை காத்திருக்க முடியாமல் அடக்கம் செய்துவிடுகிறார்கள். சில மாதங்களுக்கு முன்பே ஒரு விண்ணப்பம் போட்டிருந்தால் அவன் கல்லறையருகே நின்றிருப்பான்.

எனவே அன்புக்குரியவர்களே, அடுத்தமுறை பிள்ளைகளோடு வீடியோவில் பேசும்போது இவற்றையும் பேசுங்கள். எதற்காக வருகிறோம்? எத்தனை மாதம் இருப்போம்? அப்பாவும் வருவாரா? காப்பீடு யார் எடுப்பது? எங்கள் வீட்டில் சாவு என்றால் உங்களால் உடனே வர முடியுமா? இந்தப் பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தைப் பாருங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன ஆண்டு சென்று வந்தவர் சொன்னது இந்த ஆண்டு பொருந்தாமல் போகலாம். பிறகு ஏஜென்டிடம் செல்லுங்கள், தேவைப்பட்டால் மட்டும்.

உண்மையைச் சொல்லி வாங்கிய விசாவில் போகும் தாய், அதிகாரியின் முன் நடுங்க வேண்டியதில்லை. போய்ப் பேரக்குழந்தையைக் கொஞ்சிவிட்டு, சொன்ன நாளில் திரும்பி வருவார். இரண்டாவது பேரக்குழந்தை பிறக்கும்போதும் அவருக்குக் கதவு திறந்திருக்கும்.